பறவை தன் காரியத்தில் இருக்கும்போது

கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முந்திய அத்தியாயங்களில் சொல்லியாயிற்று. 400 மில்லிமீட்டரோ 500 மில்லிமீட்டரோ குவியதூரமுள்ள லென்ஸும், விநாடிக்குப் பல படங்களைப் பதிவுசெய்யும் கேமராவும் கைக்கு வந்த பிறகும், பறவைகளைப் படமெடுப்பவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே விதமான படத்தையே எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். கிளையில் கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணை அகல விழித்து, எடுப்பவரையே உற்று நோக்கியிருக்கும் ஒரு பறவை. படம் துல்லியமாகவே இருக்கும். ஒவ்வோர் இறகையும் தனித்தனியே எண்ணிவிடலாம். ஆயினும் அந்தப் பறவை எப்படி ஜீவிக்கிறது என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இராது. ஏனெனில் அந்த நிமிஷத்தில் அது இரை தேடவில்லை, இறகு கோதவில்லை, இணையை அழைக்கவில்லை. தன்னை நோக்கி வருகிற பெரிய பிராணியிடமிருந்து எப்போது தப்பிப் பறப்பது என்பதை நிச்சயித்துக்கொண்டிருந்தது. அது நம்மால் விளைந்த கலவரத்தின் படமேயன்றிப் பறவையின் சுபாவத்தைக் காட்டும் படமாகாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றே. பறவை நம்மைப் பொருட்படுத்தாமல் தன் காரியத்தில் ஈடுபட்டிருக்கும் நிலையை முதலில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கேமராவைக் கண்ணுக்கு எடுக்க வேண்டும்.

பறவை கலவரமடைந்திருக்கிறதா என்பதை அறிய, அது பறந்து போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பறப்பதற்கு வெகு நேரம் முன்பே பல குறிகளால் அது தன் நிலையைத் தெரிவித்துவிடுகிறது. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடுவது முதற்குறி. வரப்போரத்தில் குறுகி உட்கார்ந்து தவளைக்காகக் காத்திருக்கும் மடையான், நாம் நெருங்கும்போது கழுத்தை மெல்ல நிமிர்த்தும். அதுவரை தளர்ந்து கிடந்த இறகுகள் உடம்போடு ஒட்டப் படிந்து, பறவை சட்டென்று இளைத்துப்போனதுபோல் தோன்றும். ஏரியில் மிதக்கும் தாராக் கூட்டம் எல்லாத் தலைகளையும் ஒருங்கே உயர்த்தி, நம்மிடமிருந்து விலகும் திசையில் நீந்தத் தொடங்கும். ஆட்காட்டியோ குறிப்புக்கே இடம் வைக்காமல் நாலு வயல் தாண்டிக் கேட்கும்படி கத்தும். இவற்றுக்கு அடுத்தபடியாக, உடம்பைத் தாழ்த்திக் கால்களை மடக்குவதும், பெரிய பறவைகளானால் எச்சமிடுவதும், பறக்கப் போவதற்கு அறிகுறிகள். முதற்குறி கண்ட இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நின்றால் மட்டும் போதாது, உட்கார்ந்துவிட வேண்டும். சில நிமிஷங்களில் பறவை மறுபடியும் தன் வேலையைத் தொடங்குமானால், அதுவே அந்தப் பறவை அன்றைக்கு நமக்கு அனுமதித்திருக்கும் தூரம். தொடங்காவிட்டால் நாம் எல்லை தாண்டிவிட்டோம் என்பதே பொருள். வந்த வழியே சற்றுப் பின்வாங்க வேண்டும். இந்தத் தூரம் இனத்துக்கு இனம் வேறுபடும்; ஒரே இனத்தில் இடத்துக்கு இடம் வேறுபடும். உழவர் நாள்தோறும் நடமாடும் வயலில் உண்ணிக்கொக்கு டிராக்டரின் பின்சக்கரத்தை ஒட்டியே நடக்கும். அதே கொக்கு ஆள் நடமாட்டமில்லாத குளக்கரையில் நம்மைத் தொலைவில் கண்டதுமே எழும்பிவிடும்.

அணுகுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பறவையை நோக்கி நேர்கோட்டில், பார்வையை அதன்மேல் பதித்து நடப்பது, இரைமேல் குறிவைத்து வரும் வேட்டைப் பிராணியின் நடை. எந்தப் பறவையும் அதைப் புரிந்துகொள்ளும். வேறெங்கோ போகிறவர்போலச் சாய்கோட்டில் நடந்து, இடையிடையே நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பி, குனிந்த நிலையிலேயே நெருங்குவது நல்லது. எல்லாவற்றினும் உத்தமமானது நெருங்காமலே இருப்பது. பறவை வழக்கமாக வரும் இடத்தை முன்னதாக அறிந்து, அது வருமுன்பே போய் உட்கார்ந்திருப்பவரிடம் பறவை தானே நெருங்கி வரும். காருக்குள் இருந்து எடுப்பதும் இதே காரணத்தால் பலனளிக்கிறது. வண்டியைக் கண்டு அஞ்சாத பறவை, வண்டியின் கதவு திறந்ததும் அஞ்சிப் பறப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

மறைவிடம் அமைத்துப் படமெடுக்கும் கலை பழமையானது. இங்கிலாந்தில் 1892-இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படம்பிடித்த ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள், பாடஞ்செய்த எருதின் உடலுக்குள் புகுந்துகொண்டு அதன் வழியாகப் பறவைகளைப் படமெடுத்தவர்கள். அத்தனை பிரயாசை இன்று வேண்டியதில்லை. பழுப்போ மங்கிய பச்சையோ நிறமுள்ள துணியும் நாலு கழியும் இருந்தால், ஓர் ஆள் உட்காரும் கூடாரம் ஆகிவிடும். அதை ஒரே நாளில் பறவையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்பதுதான் முக்கியம். தொலைவில் நட்டு, பறவை அதற்குப் பழகியபின் நாளுக்குக் கொஞ்சமாக நெருக்க வேண்டும். காற்றில் துணி படபடக்காதபடி இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே போகும்போது இருவராகப் போய் ஒருவர் மட்டும் வெளியேறிச் சென்றால், மறைவிடம் காலியாகிவிட்டதென்று எண்ணிப் பல பறவைகள் சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

இத்தனை ஏற்பாடும் செய்துகொள்ள இயலாதவர்களுக்கு, நம் நாட்டில் வேடந்தாங்கலைப் போன்ற நல்ல பள்ளிக்கூடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே பறவைகளைக் காத்தவர்கள் முதலில் அரசாங்கத்தார் அல்லர், ஊர் ஜனங்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சல் பெருகுகிறதென்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அதனாலேயே துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுத்தார்கள். அந்தப் பாதுகாப்பு உரிமையை 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கீகரித்தார். தலைமுறை தலைமுறையாக மனிதனால் துன்பம் நேராத இடமாதலால், மற்ற இடங்களில் நம்மைக் கண்டதும் எழும்பிவிடும் பறவைகள் இங்கே கரையில் நடப்பவர்களைக் கவனிப்பதே இல்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவையின் அச்சமின்மை என்பது மனிதர் நெடுங்காலம் அடக்கமாக நடந்துகொண்டதன் பலன் என்பதற்கு இவ்வூர்களைவிட வேறு சாட்சி தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்து, தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடுகள் நெருங்கியிருக்கும் காலத்தில், கரையில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு ஒரே மரத்தைக் காலையிலிருந்து மாலைவரை பார்த்திருக்கும்படி புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வழக்கம். முதல் ஒரு மணி நேரத்தில் அங்கே குழப்பமே தோன்றும். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு கூட்டின் கதையும் பிரிந்து வரும். நத்தைகுத்தி நாரை ஒன்று சுள்ளியோடு வந்திறங்க, கூட்டில் நிற்கும் இணை அதை வாங்கிப் பல முறை வைத்தும் எடுத்தும் பார்த்து, கடைசியில் ஓரிடத்தில் செருகும். உச்சிவேளையில், குஞ்சுகளுக்கும் சூரியனுக்கும் நடுவே தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ சிறகுகளை அகல விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். சூரியன் நகர நகர அதுவும் திரும்பிக்கொள்ளும். அதே நேரத்தில் நாரைகளின் கால்கள் வெள்ளையடித்தாற்போல் இருப்பதைக் காணலாம். வெப்பத்தைத் தணித்துக்கொள்ள அவை தம் கால்களின்மேலேயே எச்சமிட்டுக்கொள்கின்றன. அழகான காட்சி அல்ல என்று இதைத் தவிர்ப்பவர் இருக்கிறார்கள். எனக்கோ சூரியோதயத்தில் பறக்கும் நூறு நாரைகளின் படத்தைவிட இந்தப் படம் அதிகம் பேசுகிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம். வளர்ந்த நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சின் அலகிலோ அது இராது, வளர வளரத்தான் உண்டாகும். ஆகவே கூட்டை விட்டுப் பறந்துவிட்ட இளம்பறவையையும் அலகைக் கொண்டே அடையாளம் காணலாம். கரையோர ஆழமற்ற நீரில் கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசி வீசித் துழாவுவதையும், மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்து நடப்பதையும் ஒப்பிட்டுப் படமெடுத்தால், இரண்டும் கண்ணால் அன்றி ஸ்பரிசத்தால் மீன் பிடிப்பவை என்பதும், அதனால் கலங்கிய நீரும் அவற்றுக்கு ஒரு தடையல்ல என்பதும் விளங்கும்.

பறக்கும் பறவையைப் பிடிக்க விரும்புகிறவர்கள், ஆகாயத்தில் அதைத் துரத்திக்கொண்டு லென்ஸைச் சுழற்றுவதைக் காட்டிலும், திரும்பி வரும் பழக்கமுள்ள பறவையின் முன் அமர்ந்திருப்பது மேல். பச்சைப் பஞ்சுருட்டான் மின்கம்பியிலோ காய்ந்த குச்சியிலோ உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். குச்சியின்மேல் ஃபோகஸை நிலைநிறுத்தி, ஷட்டரை 1/2000 விநாடிக்கு வைத்து, முக்காலியில் கேமராவைப் பொருத்திக் காத்திருந்தால் போதும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று பார்த்து, அது நம் முதுகில் படும்படி உட்கார வேண்டும்; பறவைகள் எதிர்காற்றில் எழும்பி எதிர்காற்றிலேயே இறங்குபவை ஆதலால், அப்போது அவை நம்மை நோக்கி வந்திறங்கும். பிடித்து வந்தது தேனீயானால், பஞ்சுருட்டான் அதைக் குச்சியில் பலமுறை அடித்து, அதன் பின்பகுதியைக் குச்சியிலே தேய்த்து, விஷத்தைப் போக்கிய பிறகே விழுங்கும். அடிக்கும் கணத்தில் எடுத்த படங்களில் பறவையின் கண் பால்படிந்தாற்போல் வெளுத்திருப்பதைக் கண்டு, படம் கெட்டதென்று அழித்துவிடாதீர்கள். கண்ணைக் காக்கும் மூன்றாம் இமை அது. மீன்கொத்தியும் மீனைக் கிளையில் அடித்துக் கொன்று, செதிளும் துடுப்பும் தொண்டையில் தடைபடாதபடி தலைப்பக்கமாகவே விழுங்கும். ஆனால் மீனின் தலை வெளியே நோக்கியிருக்கும்படி அலகில் பிடித்துக்கொண்டு ஒரு மீன்கொத்தி காத்திருக்குமானால், அந்த மீன் தனக்கல்ல, இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோவது. அப்படியொரு படம் உங்கள் கேமராவில் விழுந்தால், சமீபத்தில் எங்கோ மண்கரையில் அதன் வளை இருக்கிறதென்றும், நீங்கள் அதற்கு வழிமறித்து உட்கார்ந்திருக்கக்கூடுமென்றும் உணர்ந்து, உடனே இடத்தை விட்டு அகல வேண்டும்.

பஞ்சுருட்டானைப் பற்றி மிலிந்த் வாட்வேயும் அவரோடு பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. வளையின் வாய் தெரியும்படி மனிதன் நிற்கும்போது, பஞ்சுருட்டான் வளைக்குள் நுழையத் தயங்குகிறது. அதே தூரத்தில், ஆனால் வளையின் வாய் தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த மனிதன் நிற்கும்போது, அவ்வளவு தயங்குவதில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதோடு நமக்கு எது தெரிகிறது என்பதையும் கணக்கிடும் இந்தச் சிறு ஜீவனுக்கு முன்னால், நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நின்றுகொள்வதே எவ்வளவு பெரிய இடைஞ்சலாகிவிடும்!

பறவையின் சுபாவத்தைக் கற்க நான் சிபாரிசு செய்யும் முதற்பறவை தூக்கணாங்குருவி. பனையோலையின் நுனிகளிலும், கிணற்றுக்கு மேல் சாய்ந்த முள்மரங்களிலும், மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும் இந்தக் குருவியின் வாழ்க்கையைச் சலீம் அலி 1930-இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் தங்கியிருந்து ஆராய்ந்தார். கூட்டின் ரகசியம் அப்போதுதான் துலங்கியது. கட்டுவது ஆண். சோளத்தோகையிலோ கரும்புத்தோகையிலோ உட்கார்ந்து, ஓரத்தை அலகால் கடித்துச் சிறு வெட்டு உண்டாக்கி, அந்த நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கும் வேகத்தில், வாழைநார் உரிவதுபோல, நீண்ட கீற்று ஒன்று கிழிந்து அதன் பின்னால் அலையும். இந்தக் கணத்தை எடுக்க விரும்புவோர் கூட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வயலில் காத்திருக்க வேண்டும். ஒரு கூட்டுக்காகக் குருவி நூற்றுக்கணக்கான தடவை போய்வருவதால், ஒரு தடவை தவறினாலும் மறுதடவை நிச்சயம்.

கூடு பாதி உருவானதும் ஆண் வேலையை நிறுத்திவிட்டுப் பெண்ணுக்காகக் காத்திருக்கும். பெண்குருவி ஒன்று அந்த மரத்தை அணுகியதும், அதுவரை அவரவர் வேலையில் இருந்த ஆண்கள் எல்லாம் தத்தம் பாதிக்கூட்டில் தொங்கிக்கொண்டு, மஞ்சள் தலையைச் சாய்த்து, சிறகுகளை அடித்து ஒரே குரலாகக் கூவத் தொடங்கும். மரமே அதிர்வதுபோலிருக்கும் அந்த ஆரவாரத்தைக் கேட்ட மாத்திரத்தில் கேமராவை எடுத்தால் போதும். அதற்குமுன் ஷட்டரை ஓயாமல் அழுத்திக்கொண்டிருப்பது வீண். பெண் ஒரு கூட்டுக்குள் நுழைந்து, நாரை இழுத்தும் அசைத்தும் சோதித்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போகும். பிடித்துவிட்டால் ஆண் நீண்ட புகுவாயைக் கட்டி முடிக்கும். உள்ளே மெத்தை அமைப்பது பெண்ணின் வேலை. அது முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியபின் ஆண் வேறொரு கூட்டுக்கு அஸ்திவாரம் போடுவதையும், வேறொரு பெண்ணை அழைப்பதையும் காணலாம். கூட்டின் உட்சுவரில் ஆண் ஈரமண்ணையும் சாணத்தையும் அப்பி வைப்பது உண்டு. ஏன் அப்படிச் செய்கிறதென்று பலரும் பல காரணம் சொல்கிறார்கள். பாதிக்கூட்டின் நிலையில் அலகில் சேற்றோடு வரும் ஆணைப் படமெடுத்து, தேதியையும் கூட்டின் நிலையையும் குறித்துவைத்தால், அந்தப் படத்துக்கு அழகைவிடப் பெரிய மதிப்பு உண்டாகும்.

தூக்கணாங்குருவியைப் பற்றி இவ்வளவு சொன்னதால், எல்லாக் கூடுகளையும் இப்படி அணுகலாமென்று எவரும் கொள்ளக் கூடாது. அது திறந்த வெளியில், ஆட்கள் தண்ணீர் இறைக்கும் கிணற்றோரத்தில் தன் கூட்டைத் தொங்கவிடும் பறவை. கரையில் நிற்கும் ஒருவரால் அதற்குக் கெடுதியில்லை. புதருக்குள் ஒளித்துக் கட்டும் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தரையில் முட்டையிடும் ஆட்காட்டி, கௌதாரி ஆகியவற்றின் கூடுகளைப் படமெடுக்க வேண்டாமென்றே சொல்வேன். லென்ஸுக்கு வழி செய்ய ஓர் இலையை ஒதுக்கினாலும், அந்த இலை தடுத்துக்கொண்டிருந்த வெயில் குஞ்சின்மேல் விழும். கண் திறவாத குஞ்சு அதைத் தாங்காது. நாம் போய்வரும் இடத்தைக் காகம் கவனிக்கும். நாம் விலகியதும் அது வந்து பார்க்கும். தாய் பயந்து வெளியேறியிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் முட்டை சூடாறும், அல்லது வெயிலில் வேகும். ஆபத்து ஒரு பக்கத்துக்கு மட்டுமன்று. எரிக் ஹாஸ்கிங் என்ற பெயர்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் 1937-இல் ஆந்தைக் கூட்டருகே இருந்த தம் மறைவிடத்துக்கு இரவில் ஏறிச் சென்றபோது, ஆந்தையின் நகம் பட்டு இடக்கண்ணை இழந்தார். படப் போட்டிகள் பலவற்றில் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்பது நல்ல மாறுதல். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த வகையில் சேர்ந்ததே. தன் எல்லைக்குள் போட்டியாளன் வந்துவிட்டதாக நம்பி, இரை தேடுவதையும் குஞ்சைக் கவனிப்பதையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும் பறவையிடமிருந்து நாம் எடுப்பது நியாயமான படமாகாது. சரணாலயங்களுக்குள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். கேமராவோடு போகுமுன் வனத்துறையாரின் அனுமதியையும் விதிகளையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன்பும் சாய்ந்த பின்பும் எடுங்கள். கரிய நீரின்முன் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்த வானத்தின்முன் இருக்கும் கரிச்சானுக்கு அதேபோல் கூட்டுங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு உங்கள் லென்ஸைத் தாழ்த்துங்கள். மற்றவை பழக்கத்தில் வரும். நிறம் இல்லாமலே எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. பல கேமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பெருங்கருவியைச் சுமந்து காட்டில் நடந்த அவர், படமெடுத்ததோடு நில்லாமல், பார்த்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கேமராப் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் புறப்படாதீர்கள். தேதி, நேரம், இடம், வெயில் மழை, எத்தனை பறவைகள், என்ன செய்துகொண்டிருந்தன என்ற இவ்வளவையும் படமெடுத்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் பிறருக்கு வெளியிடக் கூடாது. அற்பமாகத் தோன்றும் செயல்களைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். குஞ்சு பொரித்ததும் உடைந்த ஓட்டைக் கருந்தலைக் கடற்காகம் கூட்டிலிருந்து எடுத்துப் போய்ப் போடுவதைக் கண்ட நிக்கோ டின்பெர்கன், அதை வெறும் சுத்தம் என்று விட்டுவிடாமல், ஓட்டைக் கூட்டருகே விட்டுவைத்தால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்தார். உடைந்த ஓட்டின் வெண்மையைக் கண்டு காகம் முதலிய பகைகள் மற்ற முட்டைகளையும் கண்டுபிடித்துவிடுகின்றன என்பது தெரிந்தது. பிராணிகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். நம் வீட்டுத் தோட்டத்திலேயே, மைனா கூட்டிலிருந்து வெள்ளையாக எதையோ அலகில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்; குஞ்சின் எச்சம் மெல்லிய சவ்வால் மூடிய உருண்டையாக வெளிவருவதால் அதை அப்படியே எடுத்துக் கூட்டை விட்டுத் தூரத்தில் போட்டுவிட முடிகிறது.

கோடையில் ஏரிக்கரை ஓரமாகப் போகும்போது, ஆட்காட்டி ஒன்று நீரில் இறங்கி, வயிற்று இறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு, குடிக்காமலும் குளிக்காமலும் வறண்ட தரையை நோக்கிப் போவதைக் கண்டால், அதைப் பின்தொடராமல் நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். வெயிலில் காயும் முட்டைகளை ஈரத்தால் குளிர்விக்கப் போகிறது அது. படத்தில் நனைந்த இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துத் தெரியும்படி ஃபோகஸ் வயிற்றுப்புறம்வரை துல்லியமாக இருக்கட்டும், நேரத்தை எழுதுங்கள், மறுநாளும் அதே இடத்தில், அதே தூரத்தில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு மறுபடி வருகிறதென்று பாருங்கள்.